‘மறந்துவிடு’ என்பது மருந்தாகுமா?

2015-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் அதிகாலை. இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில் இருந்த கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து விழுந்தது. அடுத்திருந்த தோல் தொழிற்சாலையில், நாளெல்லாம் உழைத்த களைப்பில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் அந்தச் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி நம் மண்ணுக்கு வந்தவர்கள்.

இறந்தவர்களைச் செய்தித்தாள்கள் எண்ணின. இழப்பீட்டை அரசு அறிவித்தது. வழக்குப் பதிவானது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் இப்படிப்பட்ட ஒரு விபத்திலிருந்து உயிரோடு எழுந்து வருபவர்களை யார் எண்ணுகிறார்கள்? உடன் படுத்திருந்தவனைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்த கைகள் அதன்பின் எத்தனை இரவுகள் நடுங்கும்? ஊரில் தொலைபேசியை எடுத்த தாயின் காதில் அந்த மணியோசை இன்னும் எப்படி ஒலிக்கும்? உடலில் காயமில்லை என்றால் ‘தப்பித்துக்கொண்டான், புண்ணியம் செய்தவன்’ என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போகிறோம்.

காலரா, காசநோய், தொழுநோய் ஆகியவற்றை எதிர்த்துப் பெரும் மருத்துவப் பணி நடந்த பகுதி நம்முடையது. வேலூர் என்றால் மருத்துவமனை என்று இந்தியா முழுவதும் அறியும். அப்படிப்பட்ட ஊரைச் சுற்றி வாழும் நாமே, மனதின் காயத்துக்கு மட்டும் இன்னமும் ஒரே மருந்தைத்தான் வைத்திருக்கிறோம்: ‘மறந்துவிடு’. அந்த மருந்து வேலை செய்கிறதா, அதைவிட நல்ல மருந்து உண்டா என்று இந்த வாரம் சிந்திப்போம்.

தோல் நகரங்களின் மனச்சுமை

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றின் இரு கரைகளிலும் தோல் தொழில் பரவியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்குப் போய்விட்டாலும், தொழிலும் துயரமும் எல்லை பார்ப்பதில்லை. டேனரிகளில் ஆண்கள், ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஷூவின் மேற்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கும் தாய்மார்கள் என்று பல்லாயிரம் குடும்பங்கள் இதை நம்பி வாழ்கின்றன. வீட்டில் தைப்பவர்களுக்குச் சோடிக் கணக்கில்தான் கூலி. வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

இந்த வாழ்க்கையில் பயம் பல வழிகளில் நுழைகிறது. கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் நச்சு வாயுவால் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் திரும்பாத செய்தியை நம் பகுதியில் ஒருமுறை அல்ல, பலமுறை கேட்டிருக்கிறோம். விடியுமுன் தேசிய நெடுஞ்சாலையில் விரையும் கம்பெனி வேன்கள் விபத்தில் சிக்குகின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தைப்பு வேலை ஒரே நாளில் நின்றது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட அந்த மழையில், பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தனர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரை சுங்கவரி விதித்தபோது, எங்கோ ஒரு நாட்டில் போடப்பட்ட கையெழுத்து ஆம்பூரில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்ணின் உறக்கத்தைக் கெடுத்தது.

இதன் அடியில் இன்னொரு பழைய காயமும் உண்டு. தோல் கழிவுகள் பாலாற்றையும் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை அதில் உறுதியானது. ஆனால் 2025 சனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு சேரவேண்டும், பாலாறு சீர்செய்யப்பட வேண்டும் என்று மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகளுக்கும் மேல். தண்ணீரும் நிலமும் கெட்டுப்போவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே ஒரு தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. அந்த ஏக்கத்தை எந்த மருத்துவச் சீட்டில் எழுதுவது?

மனக்காயம் எப்படிப் பேசும்?

நம் வீடுகளில் யாரும் ‘எனக்கு மனக்காயம்’ என்று சொல்வதில்லை. ‘நெஞ்சு படபடக்குது’, ‘தலை பாரமா இருக்கு’, ‘கை கால் ஓஞ்சு போச்சு’, ‘தூக்கமே வரல’ என்றுதான் சொல்கிறார்கள். இதயப் பரிசோதனை எடுத்துப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவர் பொய் சொல்பவராக வீட்டில் பார்க்கப்படுகிறார். அது இரண்டாவது காயம்.

ஆபத்து வரும்போது நம் உடல் தானாகவே அபாய மணியை அடிக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது. ஓடவோ எதிர்க்கவோ கடவுள் நமக்குத் தந்த காவல் இது. ஆபத்து நீங்கியதும் மணி ஓய வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் ஓய்ந்தும் விடுகிறது. சிலருக்கு மட்டும் அது ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. நடந்தது கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த இடம், அந்த வாடை, அந்தச் சத்தம் எல்லாவற்றையும் தவிர்க்கத் தோன்றுகிறது. சிறு ஓசைக்கும் உடல் தூக்கிப் போடுகிறது. ஒரு மாதத்துக்கு மேலும் இப்படி நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், மருத்துவம் அதை விபத்துக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று அழைக்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துன்பமும் காரணமாகி, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இது தனிப் பெயரோடு இடம்பெற்றது.

ஈழத்தமிழர் இதற்கு நல்ல தமிழ்ச் சொற்களைத் தந்திருக்கிறார்கள். ஆறாத மனக்காயத்தின் தழும்பை ‘மனவடு’ என்றும், ஆலோசனைப் பணியை ‘உளவளத்துணை’ என்றும் அவர்கள் சொல்கிறார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பதைத் தொடர்ந்து எழுதி வந்தவர். ஆசிரியர்களையும் ஊர்ப் பணியாளர்களையும் பயிற்றுவித்தே அந்தக் காயத்தை ஆற்ற முடியும் என்று அங்கு உணர்ந்தார்கள். நம் பகுதிக்கும் இது பொருந்தும்.

ஆலோசகர் என்ன செய்கிறார்?

மனநல ஆலோசகரிடம் போனால் ‘பைத்தியம்’ என்று முத்திரை குத்திவிடுவார்கள், அல்லது நடந்ததையெல்லாம் கிண்டிக் கிளறுவார்கள் என்ற இரண்டு பயங்கள் நம்மிடையே உண்டு. உண்மையில் நல்ல ஆலோசகர் நடந்ததைப் பற்றி முதலில் கேட்பதே இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய நூலில் மூன்று படிகளைச் சொன்னார். உலகெங்கும் பலர் இன்றும் அந்த வரிசையைக் கருத்தில் கொள்கிறார்கள்.

முதல் படி, பாதுகாப்பு. இன்று இரவு எங்கே உறங்குவீர்கள்? வீட்டில் அடிப்பவர் யாரும் இருக்கிறாரா? சாப்பிட்டீர்களா? கடன்காரர் வாசலில் நிற்கிறாரா? இவைதான் முதல் கேள்விகள். பிறகு, அபாய மணியைக் கொஞ்சம் தணிக்க உடலுக்கே பயிற்சி தரப்படுகிறது. மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது. பழைய நினைவு வெள்ளம்போல் வரும்போது, இப்போது கண் காண்பது என்ன, காது கேட்பது என்ன, பாதம் தொடும் தரை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, ‘அது அன்று, நான் இருப்பது இன்று’ என்று மனதை நிகழ்காலத்துக்குக் கொண்டுவருவது. 

இரண்டாம் படி, நடந்ததைச் சொல்வது. அதுவும் சொல்பவர் விரும்பும்போது, விரும்பும் அளவுக்கு. பாதுகாப்பான ஓர் அறையில், அவசரப்படாத ஒருவர் முன், திரும்பத் திரும்பச் சொல்லும்போது அந்த நிகழ்வு சிதறிய கண்ணாடித் துண்டுகளாக இல்லாமல், தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதையாக ஆகிறது. ‘நான் கையைப் பிடித்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்’ என்பது போன்ற குற்ற உணர்வுகளை அப்போதுதான் எடுத்துப் பார்த்து எடைபோட முடிகிறது. இழந்தவருக்காக அழவும் முடிகிறது.

மூன்றாம் படி, வாழ்க்கையோடு மீண்டும் இணைவது. வேலைக்கு, சந்தைக்கு, திருமண வீட்டுக்கு, கோவிலுக்கு மீண்டும் போவது. 

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். கம்பெனி வேன் விபத்தில் பக்கத்து இருக்கைத் தோழியை இழந்த ஒரு பெண் அதன்பின் வேனில் ஏற மறுக்கிறார். வேலை போகிறது, வீட்டில் சண்டை வருகிறது. ‘தைரியமா ஏறு’ என்று தள்ளினால் பயம் இரட்டிப்பாகும். ‘வேண்டாம், வீட்டிலேயே இரு’ என்று விட்டுவிட்டால், வேன் மட்டுமல்ல, பேருந்தும் ஆட்டோவும் பயமாகிவிடும். ஆலோசகர் அவரோடு சேர்ந்து ஒரு சிறிய ஏணியைக் கட்டுகிறார். முதல் வாரம் அக்காவோடு வேன் நிற்கும் இடம் வரை நடந்து போய், பயம் தணியும் வரை நின்றுவிட்டு வருவது. அடுத்து, நிறுத்தி வைத்திருக்கும் வேனில் உட்காருவது. பிறகு ஒரு நிறுத்தம் வரை போவது. பிறகு கம்பெனி வரை. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும், நிற்கும், பிறகு இறங்கும். அது இறங்குவதை உடல் கற்றுக்கொள்வதே சிகிச்சை. எந்தப் படியை எப்போது ஏறுவது என்று முடிவு செய்பவர் அந்தப் பெண்தான். கட்டுப்பாட்டை அவரிடமிருந்து விபத்து பறித்தது. சிகிச்சை அதை அவரிடமே திருப்பித் தருகிறது.

இங்கே நாம் செய்யும் ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். சாவு நடந்த மறுநாளே வீட்டுக்குப் போய், ‘எப்படி நடந்தது? நீ எங்கே நின்றாய்? ரத்தம் நிறையப் போச்சா?’ என்று கேட்கிறோம். அக்கறையில்தான் கேட்கிறோம். ஆனால் பேரிடர் நடந்த உடனேயே எல்லாரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது பயன் தராது, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டியதால், அந்த முறையை மருத்துவ வழிகாட்டிகள் இன்று பரிந்துரைப்பதில்லை. 2011-இல் உலக நலவாழ்வு நிறுவனமும் பிற அமைப்புகளும் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு மூன்றே செயல்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. யாருக்கு உடனடித் தேவை என்று பார்ப்பது. சொல்ல விரும்புவதைக் கேட்பது. உணவு, உறவினர், மருத்துவர், அரசு உதவி ஆகியவற்றோடு இணைத்துவிடுவது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேளாங்கண்ணியில், பணி செய்த அருள்சகோதரிகளையும் தொண்டர்களையும் கேட்டால், முதலில் தேவைப்பட்டது பேச்சா, உடனிருப்பா என்று சொல்வார்கள்.

பாகாயம் கற்றுத்தந்த பாடம்

இதற்கெல்லாம் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1950களிலேயே உருவானது. மனநோயாளர்களை உயர்ந்த மதில்களுக்குள் அடைத்து, குடும்பத்திடமிருந்து பிரித்து வைப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. அந்நாட்களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளரின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அமைத்துத் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குபெறச் செய்தார். வேலூரும் அந்த வழியில் நடந்தது. சிகிச்சைக்கு வருபவரோடு குடும்பத்தில் ஒருவர் உடன் தங்க வேண்டும் என்பது அங்கே நடைமுறையானது. சமைத்துக் கொடுத்து, மருந்தைக் கவனித்து, நோயைப் புரிந்துகொண்டு, அந்த உறவினரும் மாறித்தான் வீடு திரும்புகிறார்.

மேற்கத்திய நாடுகளில் ஆலோசகரும் நலம் நாடுபவரும் மட்டும் மூடிய அறையில் அமர்வதே வழக்கம். நம் நாட்டில் நோயைத் தாங்குவது குடும்பம். சில வேளைகளில் நோயைத் தருவதும் குடும்பம். ஆகவே குடும்பத்தைச் சிகிச்சைக்கு வெளியே நிறுத்தினால் பாதிப் பணி நின்றுபோகும். அதே நேரத்தில், வீட்டிலேயே அடிபடும் பெண்ணிடம் கணவர் முன்னிலையில் ‘என்ன பிரச்சனை?’ என்று கேட்பதும் கொடுமை. எப்போது குடும்பத்தை அழைப்பது, எப்போது கதவைச் சாத்தித் தனியே கேட்பது என்று அறிந்திருப்பதே நம் மண்ணில் ஓர் ஆலோசகரின் திறமை.

ஆனால் எல்லாருக்கும் ஒரு மருத்துவர் கிடைப்பாரா? 2015-16 தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்தப்பட்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலக் குறைகள் உள்ளவர்களில் 100-க்கு 80 பேருக்கும் மேல் சிகிச்சை பெறவில்லை என்று அது கண்டது. இந்த இடைவெளியை மருத்துவர்களை மட்டும் கொண்டு நிரப்ப முடியாது. இதை உணர்ந்தே உலக நலவாழ்வு நிறுவனம் 2016-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டது. வாரம் ஒருமுறை என ஐந்து சந்திப்புகள். மூச்சுப் பயிற்சி, தீர்க்கக்கூடிய சிக்கலைப் பிரித்துத் தீர்ப்பது, முடங்கிக் கிடப்பவர் சிறு வேலைகளை மீண்டும் தொடங்குவது, உறவுகளின் துணையை வலுப்படுத்துவது ஆகிய நான்கே பாடங்கள். இதைத் தருபவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற சாதாரண மனிதர் போதும். வன்முறையால் துன்புற்ற பாகிஸ்தானின் பெஷாவரிலும், கென்யாவின் நைரோபியிலும் இதைச் சோதித்தபோது நல்ல பலன் கிடைத்தது. நம் நாட்டில் கோவாவிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் மனச்சோர்வைத் தணிக்க முடியும் என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சிகிச்சை நீதிக்கு மாற்றல்ல

இங்கே நாம் விழிப்பாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. மன அழுத்தம் பற்றிப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. தொழிற்சாலைகளில் யோகா வகுப்பும் மன அமைதிக் கருத்தரங்கமும் நடத்துவது எளிது. தொட்டியில் இறங்குமுன் வாயுவை அளக்கும் கருவியும், மூச்சுக் கவசமும், மேலே கயிறு பிடித்து நிற்க ஓர் ஆளும் ஏற்பாடு செய்வதற்குத்தான் பணம் வேண்டும், மனமும் வேண்டும்.

ஆபத்து நீங்கிய பிறகும் அடிக்கும் மணியைத் தணிப்பதே சிகிச்சை. ஆபத்து இருக்கும்போது அடிக்கும் மணியோ உண்மையைச் சொல்கிறது. நச்சு வாயு நிறைந்த தொட்டியில் இறங்கப் பயப்படும் தொழிலாளிக்கு நோய் எதுவும் இல்லை. அவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து உள்ளே அனுப்புவது ஆலோசனை ஆகாது. சோடிக் கணக்கில் தைத்து, மாதக் கடைசியில் வாடகை கொடுக்க முடியாமல் உறங்காதிருக்கும் தாயின் பதற்றத்தில் பாதி, நியாயமான கூலியால் தீரக்கூடியது. 28 ஆண்டுகளுக்கும் மேல் இழப்பீட்டுக்குக் காத்திருந்த உழவரிடம் ‘மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆகவே ஒருவர் நம்மிடம் ‘பயமாக இருக்கிறது’ என்று வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘அந்த ஆபத்து இன்னும் இருக்கிறதா?’ என்பதே. இருந்தால், அதை அகற்ற அவரோடு நிற்க வேண்டும். தொழிற்சங்கம், தொழிற்சாலை ஆய்வாளர், மாவட்ட ஆட்சியர், சட்ட உதவி மையம் என்று கதவுகளைத் தட்ட வேண்டும். ஆபத்து நீங்கியிருந்தால், காயம் ஆற உதவ வேண்டும். பல வேளைகளில் இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

நம் பங்குகள் என்ன செய்யலாம்?

மனம் சோர்ந்தவரிடம் ‘விசுவாசம் போதவில்லை’, ‘இன்னும் நன்றாகச் செபம் செய்’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பார்ப்போம். உயிருக்குப் பயந்து பாலைநிலத்தில் ஓடி, ஒரு செடியின் அடியில் படுத்து, ‘போதும், சாகிறேன்’ என்று சொன்னவர் அவர். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் தந்தார், மீண்டும் உறங்கவிட்டார், மீண்டும் உணவு தந்தார். பயணமும் இறைவனின் மெல்லிய குரலும் அதற்குப் பிறகுதான். முதலில் பாதுகாப்பு, பிறகு பேச்சு என்று இன்றைய ஆலோசகர் சொல்வதும் இதையே.

ஒப்புரவு அருளடையாளம் பாவத்திலிருந்து விடுதலை தருகிறது. ஆனால் காயம் பாவமல்ல. தன்மேல் நடந்த வன்முறையைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அழுது சொல்லும் பெண்ணிடம், ‘இதில் உன் குற்றம் எதுவும் இல்லை, உனக்கு உதவக்கூடிய ஒருவரிடம் போகிறாயா?’ என்று ஓர் அருள்பணியாளர் சொன்னால், அந்த ஒரு வாக்கியம் பல ஆண்டுச் சுமையை இறக்கிவைக்கும். தற்கொலைக்கு முயன்றவர்களை நோக்கும் பார்வையும் மாற வேண்டும. கடுமையான மனக்குழப்பமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று திருஅவையின் மறைக்கல்வி கூறுகிறது. நாட்டின் சட்டமும் அவ்வழியே வந்துள்ளது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. சட்டம் தண்டிக்காதவரை நம் பேச்சு தண்டிக்கலாமா?

நடைமுறையில் சில செயல்களை நம் பங்குகள் தொடங்கலாம். ஒவ்வொரு அன்பியத்திலும் இரகசியம் காக்கத் தெரிந்த இருவரை, ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், தேர்ந்து மனநல முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பலாம். கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது, அறிவுரையை அடக்கிக்கொள்வது, தன்னால் முடியாததை மருத்துவரிடம் அனுப்புவது ஆகிய மூன்றே அவர்களுக்கு விதிகள். விபத்தோ திடீர் மரணமோ நடந்த வீட்டுக்கு அடக்கச் சடங்கோடு நம் வருகை நின்றுவிடாமல், ஒரு மாதம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் போய்ப் பார்க்கலாம். கூட்டம் கலைந்த பிறகுதான் பல வீடுகளில் உண்மையான துயரம் தொடங்குகிறது. உருது பேசும் அயலாரும், வங்காளமும் இந்தியும் பேசும் இளம் தொழிலாளர்களும் நம் தெருக்களில்தான் வாழ்கிறார்கள். அவர்களுக்குத் துயரம் வரும்போது தேடிப்போக மொழி ஒரு தடையாக வேண்டாம்.

உதவி எங்கே கிடைக்கும் என்பதைக் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் பேசலாம். தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களுக்காக 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பாகாயம் மனநல மையத்திலும் மருத்துவர்களைப் பார்க்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு, பல நாள் உறக்கமின்மை, குடியில் மூழ்குதல், குழந்தையைக் கவனிக்க முடியாத நிலை ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்.

ஒரு தோல் பதமாகப் பல நாட்கள் ஆகும் என்பது நம் பகுதிச் சிறு பிள்ளைக்கும் தெரியும். அவசரப்பட்டால் பாழாகும். காயப்பட்ட மனம் ஆறுவதற்கும் காலமும் பக்குவமும் பொறுமையான கைகளும் வேண்டும். மறந்துவிடு என்று சொல்லி நகர்வது நமக்கு எளிது. அவருக்கு அது இயலாது. அடுத்த முறை யாராவது நம் அருகில் அமர்ந்து, ‘தூக்கம் வரலீங்க’ என்று சொன்னால், அறிவுரை சொல்லுமுன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவோம். ‘சொல்லணும்னு தோணும்போது சொல்லுங்க, நாங்க இருக்கோம்’ என்போம். பிறகு, அவரை உறங்கவிடாத அந்தத் தொட்டி இன்னும் திறந்து கிடக்கிறதா என்று போய்ப் பார்ப்போம்.